‘நம்ம பேர எங்கெல்லாம் எழுதுவாங்க?’ – எச்.ஐ.வி. விஷயத்தில் அரசு என்ன செய்கிறது

“மாத்திர ஓசின்னு சொல்லுதாங்க. சரி. நம்ம பேர எங்கெல்லாம் எழுதுவாங்க தம்பி?”

தாராவி 90 அடி ரோட்டில், ஒரு மருந்துக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று, ஓர் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது அவருக்கு நாலாவது மாதம். கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். காலையில் இட்லி அவித்து விற்கிறார். இந்தி அரைகுறை, மராத்தி சுத்தமாக வராது. எங்கள் தெருவில் யாருக்காவது ஆஸ்பத்திரி காரியம் என்றால் பேச்சுத் துணைக்கு நான் போவது வழக்கம். அப்படித்தான் இது எனக்குத் தெரியவந்தது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

‘பிழைப்பேனா’ என்று அவர் கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு என்றால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும். இன்று அதற்குக் கவுன்சிலரே பதில் சொல்லிவிடுகிறார்: மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், நீங்களும் நன்றாக இருக்கலாம், பிள்ளையையும் காப்பாற்றலாம். பதில் சொல்லக் கஷ்டமானது அக்கா கேட்ட கேள்விக்குத்தான். பரிசோதனை, மருந்து, தடுப்பு, சட்டம் என்று எச்.ஐ.வி. கொள்கையில் எதைத் தொட்டாலும் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

கிருமி வேறு, எய்ட்ஸ் வேறு

முதலில் அடிப்படை. எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். நம் உடம்பில் நோயை எதிர்த்துச் சண்டை போடும் வெள்ளையணுக்களில் சிடி4 என்று ஒரு வகை உண்டு. இந்த வைரஸ் குறிவைப்பது அதைத்தான். மருந்து எடுக்காமல் விட்டால் பல வருஷங்களில் சிடி4 எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். கடைசியில் சாதாரணமாக அடங்கிப்போக வேண்டிய கிருமிகள்கூட உடம்பைப் படுத்தும். அந்தக் கட்டத்துக்குப் பெயர்தான் எய்ட்ஸ். ஆக, எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இல்லை. சரியான நேரத்தில் மருந்து தொடங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்துக்குப் போவதே இல்லை.

பரவும் வழிகள் நான்கு: ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம் ஏற்றுவது, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, தாயிடமிருந்து பிள்ளைக்கு. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. தொட்டால், இருமினால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால், கொசு கடித்தால் வராது. அக்கா கையால் ஆட்டிய மாவில் அவித்த இட்லியைச் சாப்பிட்டாலும் வராது. இட்லியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

இந்தியாவில் இன்று 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யோடு வாழ்வதாக அரசின் மதிப்பீடு. வயது வந்தவர்களில் ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2010ஐ ஒப்பிட்டால் 2023க்குள் புதிய தொற்று 44 சதவீதம் குறைந்திருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் நாம் பிழைக்க வந்த இந்த மகாராஷ்டிரத்துக்குத்தான்.

பூட்டிவைத்துத் தொடங்கிய கதை

இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அப்போது மேற்படிப்பு மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அதுவரை ‘அது வெளிநாட்டு நோய்’ என்று இருந்த நாடு ஆடிப்போனது.

பயந்தவர்கள் செய்யும் முதல் காரியம் கதவைப் பூட்டுவது. அரசும் அதைத்தான் செய்தது. 1989இல் கோவாவில் டொமினிக் டிசூசா என்ற இளைஞர், தவறாமல் ரத்த தானம் செய்துவந்தவர், பரிசோதனையில் தொற்று தெரிந்ததும் போலீசாரால் கொண்டுபோகப்பட்டு ஒரு பழைய காசநோய் விடுதியில் 64 நாள் காவலோடு அடைத்துவைக்கப்பட்டார். அதற்கு இடம் கொடுத்தது அந்த மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம். அதே ஆண்டு மத்திய அரசும் ஒரு மசோதா கொண்டுவந்தது. கட்டாயப் பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் அதில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதால் பின்னால் திரும்பப் பெற்றார்கள்.

மும்பைத் தமிழர்கள் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1990இல் இந்த நகரத்தின் சிவப்பு விளக்குப் பகுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை, மீட்கிறோம் என்று சொல்லி, தனி ரயிலில் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். ரயிலுக்கு வைத்த பெயர் முக்தி எக்ஸ்பிரஸ். இறங்கிய பிறகு ரத்தம் எடுத்தார்கள். தொற்று இருந்தவர்களை இல்லங்களில் அடைத்துவைத்தார்கள். ‘நம்ம பேர எங்கெல்லாம் எழுதுவாங்க’ என்று ஒருத்தி கேட்கிறாள் என்றால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இந்த ரயில் நிற்கிறது. அக்காவுக்கு இந்தச் சம்பவம் தெரியாது. ஆனால் பயம் வழிவழியாக வந்து சேர்ந்துவிடும்.

விளம்பரங்களும் பயத்தைத்தான் வளர்த்தன. மண்டை ஓடு, ‘உயிர்க்கொல்லி’, ‘ஆட்கொல்லி’. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாடு முழுக்கச் சுவரில் எழுதியிருந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதே காலத்தில் மும்பை ரயில் நிலையங்களில் பல்பீர் பாஷா என்ற கற்பனை மனிதரைப் பற்றி இதே கேள்வி. ஆணுறை பற்றி வாய் திறக்காத ஊரில் அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்ததில் இவற்றுக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் கூடவே ஒன்றும் பதிந்துவிட்டது: இது ஒழுக்கம் கெட்டவர்களுக்கு வருவது. கல்யாணம் ஆன ஒரே தவறுக்காகத் தொற்று வாங்கிய பெண்களையும் அந்த முத்திரை விடவில்லை. அன்று சுவரில் எழுதியதை அழிப்பதற்குத்தான் இன்றைய கொள்கையின் பாதிச் சக்தி செலவாகிறது என்பேன்.

மும்பை நகரத்தின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வடாலாவில், கித்வாய் சாலையில் இருக்கிறது. எந்த வளாகத்துக்குள் தெரியுமா? ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை வளாகத்துக்குள். வீடற்ற தொழுநோயாளிகளை வைத்துப் பராமரிக்க 1890இல் தொடங்கிய இடம் அது. எட்டு வருஷம் கழித்து, தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898இல் வெள்ளைக்காரர் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டம் முழுதாக நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழி 2019இல்தான் அடைபட்டது. நோயைக் குணமாக்கும் மருந்து கைக்கு வந்து பல பத்தாண்டு ஆன பிறகு! நம் பாட்டிமார் ‘பெருவியாதி’ என்று பேரைச் சொல்லாமல் சொன்னார்கள். இன்று ‘அந்த நோய்’ என்கிறோம். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

பரிசோதனை: கேட்காமல் எடுக்கக் கூடாது

இப்போதைய நடைமுறைக்கு வருவோம். 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. ‘நாக்கோ’ என்று ஆஸ்பத்திரியில் சொல்வது அதைத்தான். அதன் கீழ் திட்டம் ஐந்து கட்டங்களாக நடந்துவருகிறது.

பரிசோதனை நடக்கும் இடத்தை இங்கே ஐசிடிசி என்பார்கள். ஊரில் அரசு ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை தொங்குமே, அதேதான். காசு கிடையாது. உள்ளே போனால் முதலில் கவுன்சிலர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார். ஏன் பரிசோதனை, முடிவு எப்படி வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டு, சம்மதமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லலாம். அப்புறம்தான் ரத்தம். முதல் கிட்டில் ஒன்றும் காட்டவில்லை என்றால் தொற்று இல்லை என்று முடிவு தருவார்கள். காட்டினால் அதோடு நிற்க மாட்டார்கள். வேறு வேறு வகைக் கிட்டுகளில் இன்னும் இரண்டு முறை பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் தொற்று உறுதி. ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஒருவர் தலையில் இடியைப் போடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

ஒரு விஷயம் கவனம் வேண்டும். கிருமி உள்ளே போன உடனே பரிசோதனையில் தெரியாது. உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கச் சில வாரங்கள் ஆகும். இதைச் சாளரக் காலம் என்பார்கள். அதனால் சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்வார்கள்.

பெயர்? மையத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தருகிறார்கள். முடிவை உரியவர் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும். போனில் சொல்வது, கூட வந்த மாமியாரிடம் கொடுப்பது, வராண்டாவில் பெயரைக் கூப்பிட்டுச் சொல்வது எல்லாம் கூடாது.

கூடாதுதான். ஆனால் அக்காவுக்கு முன்பே ஒருமுறை, ஒரு தனியார் நர்சிங் ஹோமில், வேறொரு பெண்ணுக்காகப் போயிருந்தேன். படுக்கையின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் சிவப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வார்டுக்கு வந்துபோன ஆயாவும், பக்கத்துக் கட்டிலுக்கு டிபன் கொண்டுவந்தவரும் படித்தார்கள். நான் அந்த அட்டையைத் திருப்பித் தொங்கவிட்டேன். நர்ஸ் வந்து மறுபடி நேராக்கினார். பாதுகாப்புக்காம். ரத்தத்தைக் கையாளும்போது எல்லா நோயாளிக்கும் கையுறை போட வேண்டும் என்பதுதான் விதி. அதைச் செய்தால் எந்த அட்டையிலும் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

மருந்து: வரிசையில் நின்ற காலமும் இன்றும்

ஒரே மருந்தைக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரம் பழகிக்கொள்ளும். அதனால் மூன்று மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள். தமிழ்நாட்டில் ‘கூட்டு மருந்து’ என்றும் இங்கே ஏஆர்டி என்றும் சொல்வது இதைத்தான். வைரஸை உடம்பிலிருந்து துடைத்து எடுக்காது, ஆனால் பெருக விடாது.

மேலை நாடுகளில் 1990களின் பின்பாதியில் இந்தச் சிகிச்சை வந்தபோது ஓர் ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. அதை உடைத்ததில் நம் மும்பைக்குப் பங்கு இருக்கிறது. 2001 பிப்ரவரியில், இந்த நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்லா மருந்து நிறுவனம், யூசுஃப் ஹமீது தலைமையில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே மூன்று மருந்துக் கூட்டை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! அப்போது இந்தியச் சட்டத்தில் மருந்தின் செய்முறைக்கு மட்டும்தான் காப்புரிமை, மருந்துக்கே இல்லை. அதனால்தான் இங்கே வேறு முறையில் தயாரிக்க முடிந்தது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ உயிர்கள் அந்த விலையால் பிழைத்தன.

ஆனால் உள்ளூர் ஏழைக்கு அது வந்து சேர இன்னும் மூன்று வருஷம் ஆனது. 2004 ஏப்ரல் 1 அன்றுதான் அரசு இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் எட்டு ஆஸ்பத்திரிகள். மும்பையில் ஜேஜே, சென்னையில் தாம்பரம். அதுவும் எல்லோருக்கும் இல்லை. சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கியவர்களுக்கே முதலில் மருந்து. ஆரோக்கியமான உடம்பில் அது 500க்கு மேல் இருக்கும். அதாவது நன்றாக விழுந்த பிறகு வா, தூக்கிவிடுகிறோம் என்பது போல. மருந்தும் பணமும் குறைவு என்பதால் அப்படி ஒரு கோடு கிழித்தார்கள். பின்னால் அந்தக் கோடு 350க்கும் 500க்கும் ஏறியது. 2017இல் அந்தக் கோடே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். தொற்று உறுதியானால் சிடி4 எவ்வளவு என்றாலும் மருந்து தொடங்கலாம். இந்த ஒரு முடிவு எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால் மனம் நிறைகிறது.

2020க்குப் பிறகு பெரியவர்களுக்குத் தருவது பெரும்பாலும் டிஎல்டி என்ற மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்றும் ஒன்றாக அடங்கிய ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரே முறை. முன்பு கொடுத்த கூட்டில் தலைசுற்றலும் கெட்ட கனவும் வருகிறது என்று பலர் பாதியில் விட்டார்கள். இதில் அந்தத் தொல்லை குறைவு.

அந்த டப்பாவை அக்கா வீட்டில் பார்த்தேன். முப்பது மாத்திரை கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மேலே ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார். உள்ளே மாத்திரைகளுக்கு மேலே கொஞ்சம் பஞ்சு. எதற்கு அக்கா பஞ்சு என்று கேட்டேன். “ரயில்ல பையில வச்சிருந்தா கலகலன்னு சத்தம் கேக்குல்லா” என்றார். வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஏஆர்டி சென்டரும் உண்டு. ஆனால் அங்கே போனால் எந்த வரிசையிலும் தாராவிக்காரர் ஒருவராவது நிற்பார். அதனால் இவர் மாஹிமில் ரயிலேறி வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மருந்து இலவசம். ஆனால் அதற்காக ஒரு காலை வியாபாரம் போகிறது.

இந்த மாத்திரையில் இன்னொரு பலன் இருக்கிறது, இதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கும் பரிசோதனைக்கு வைரல் லோட் என்று பெயர். அரசு மையங்களில் அதையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். விடாமல் மருந்து எடுத்தால் சில மாதங்களில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கி அதே நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை. ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான ஜோடிகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்விலும், மருந்தால் வைரஸ் அடங்கியவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. ஆக, மருந்தே தடுப்பும் ஆகிறது. மாத்திரை சாப்பிடும் ஆளைக் கண்டு ஒதுங்குகிறோமே, உண்மையில் ஊரைக் காப்பது அவர் விழுங்கும் அந்த மாத்திரைதான்.

விடக் கூடாது என்பதுதான் இதில் சிரமம். விட்டுவிட்டு எடுத்தால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். ஊருக்குக் கோயில் கொடைக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். உடம்பு நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்து ஒன்றாகத் தருகிறார்கள், கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் இருக்கும், சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். நாட்டின் எந்த ஏஆர்டி சென்டருக்கும் முறையாக மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது. திருநெல்வேலிக்கே நிரந்தரமாகத் திரும்பினாலும் மருந்து கூடவே வரும்.

அரசின் பக்கத்திலும் சறுக்கல் இல்லாமல் இல்லை. 2022இல் டோலுடெக்ராவிர் உள்ளிட்ட மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, எச்.ஐ.வி. உள்ளோர் டெல்லியில் நாக்கோ அலுவலகத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். ஒரு நாளும் விடாதே என்று நோயாளியிடம் சொல்கிற அரசு, தானும் ஒரு நாளும் விடக் கூடாது அல்லவா?

தடுப்பு: யாரை ஒதுக்கினோமோ அவர்களோடுதான்

தடுப்புக்கு அரசு கடைப்பிடிப்பது ஒரு எளிய கணக்கு. தொற்று அதிகம் நேரக்கூடியவர்களிடம் முதலில் போ. பாலியல் தொழிலாளர்கள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர், போதை ஊசி போடுவோர், லாரி ஓட்டுநர்கள், ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்போர். இவர்களிடம் டாக்டர் போவதில்லை. அவர்களில் ஒருவரையே பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். ஆணுறை, சுத்தமான ஊசி, பரிசோதனைக்கு அழைத்துப் போவது எல்லாம் அவர்கள் வேலை. தன் தெருக்காரி சொன்னால்தான் கேட்பாள் என்பது மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியான காமாட்டிபுரா தொடங்கி எல்லா இடத்திலும் நிரூபணமான பாடம்.

இதில் சட்டமே குறுக்கே நின்ற கதையும் உண்டு. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு இருந்தவரை, அந்த ஆண்களிடம் ஆணுறை கொடுக்கப் போன ஊழியர்களுக்கே போலீஸ் தொல்லை. 2006இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. உள்துறை அந்தப் பிரிவு வேண்டும் என்றது. நாக்கோவோ, இந்தப் பிரிவு எங்கள் தடுப்பு வேலைக்குத் தடை என்று எழுதிக் கொடுத்தது. ஒரே அரசின் இரண்டு கைகள்! கடைசியில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. ஒளிந்து வாழ்கிறவரிடம் எந்த மருந்தும் போய்ச் சேராது என்று நாக்கோ அன்றே புரிந்துகொண்டிருந்தது.

அவசரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது: ஆஸ்பத்திரி ஊழியருக்கு ஊசி குத்திவிட்டது, அல்லது ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானார் என்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சந்தேகம் எதுவானாலும் 1097க்குப் போன் செய்யலாம், கட்டணமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1997இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு தினக்கூலித் தொழிலாளி வந்தார். அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் வேலை இல்லை என்றுவிட்டார்கள். வழக்கில் அவர் பெயர் எம்எக்ஸ், நிறுவனத்தின் பெயர் இசட்ஒய். அவ்வளவுதான். அடையாளத்தை மறைத்து வழக்கு நடத்த நீதிமன்றம் அனுமதித்தது. வேலையைச் செய்ய உடம்பில் தெம்பு இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆபத்தும் இல்லை என்றால் தொற்றைக் காட்டி வேலை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. அந்த இரண்டு எழுத்துகள் இல்லாவிட்டால் அந்த மனிதர் நீதிமன்றப் படியே ஏறியிருக்க மாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன்.

அதன் பிறகு நாடு முழுவதற்குமான சட்டம் வர இருபது வருஷம் ஆனது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, வாடகை வீடு, மருத்துவம் எதையும் மறுக்கக் கூடாது. இது அரசுக்கு மட்டுமல்ல, தனியாருக்கும் பொருந்தும். வேலைக்குச் சேரவோ சிகிச்சை பெறவோ எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டு வா என்று நிபந்தனை போடக் கூடாது. சம்மதமில்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. அந்த நர்சிங் ஹோமில் சிவப்பு மையில் எழுதியது எனக்கு வெறும் மனிதாபிமானக் குறையாகத் தெரியவில்லை, சட்டம் காக்கச் சொன்ன ரகசியத்தை உடைத்ததாகவே பார்க்கிறேன். எச்.ஐ.வி. உள்ளோர்மீது வெறுப்பைத் தூண்டும்படி பேசினாலோ எழுதினாலோ மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை.

கணவருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் சட்டம் கொஞ்சம் யோசித்து நடக்கிறது. தொற்று உள்ளவர் மற்றவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. துணைக்கு ஆபத்து இருந்து, எவ்வளவு சொல்லியும் அவர் சொல்லவில்லை என்றால், டாக்டரோ கவுன்சிலரோ துணையிடம் தெரிவிக்கலாம். ஆனால் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அடியோ, வீட்டைவிட்டுத் துரத்தலோ நேரும் என்று பயம் இருந்தால் சொல்லக் கூடாது. இந்த ஒரு வரியை எழுதியவர்கள் நம் வீடுகளை அறிந்தவர்கள்.

புகார் செய்ய இரண்டு வழி. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்திலும், இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு மேல், மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் இழுத்தடித்தால் நாளுக்கு ஐயாயிரம் வரை. வழக்கு நடக்கும்போது பெயரை மறைக்கக் கேட்கும் உரிமையும் உண்டு. எம்எக்ஸ் வாங்கித் தந்தது இப்போது சட்டமாகவே இருக்கிறது.

குறையும் உண்டு. மருந்து தருவது அரசின் கடமை என்று சொல்லும் இடத்தில் ‘இயன்றவரை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகள் அன்றே அதை எதிர்த்தன. எனக்கும் அந்தச் சொல் உறுத்துகிறது. இயலவில்லை என்று ஒரு நாள் கை விரித்தால் என்ன செய்வது?

இட்லிக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? இந்தச் சட்டத்தை அக்காவுக்கு நான் ஒருநாள் மெனக்கெட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “எல்லாம் சரிதான் தம்பி. வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னா கேஸு போடலாம். காலையில இட்லி வாங்க வாரவன் நாளையிலேர்ந்து வரலைன்னா யாரு மேல போடுவேன்?” அதற்கு எந்தப் பிரிவும் இல்லை. இட்லி வாங்குகிறவர் மனத்தில் இருக்கும் பயத்தை எந்தக் குறைதீர்ப்பாளரும் 30 நாளில் தீர்க்க முடியாது. அதனால் டப்பாவில் பஞ்சு இருக்கிறது.

பதினெட்டு மாதம்

தாய்க்கு மருந்து இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தொற்றுப் போகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை. தாய் மருந்து எடுத்து, பிள்ளைக்கும் பிறந்தவுடன் தடுப்பு மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். 2014 முதல் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சிடி4 பார்க்காமலே கூட்டு மருந்தைத் தொடங்குகிறார்கள், வாழ்நாள் முழுக்க. அக்காவும் நாலாம் மாதத்திலேயே தொடங்கினார். கணவரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனார், அவரும் இப்போது மருந்தில் இருக்கிறார்.

ஆண் குழந்தை. பிறந்ததும் ஆறு வாரம் நெவிரபின் சொட்டு மருந்து. ஆறாம் வாரத்தில் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் ரத்தப் பொட்டு வைத்துக் காயவிட்டு அனுப்பினார்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் பிள்ளை ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும் என்பதால் சாதாரணப் பரிசோதனை இந்த வயதில் ஏமாற்றிவிடும். அதனால் வைரஸையே தேடுகிறார்கள். அப்புறம் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம். கடைசி உறுதி பதினெட்டாம் மாதத்தில். தாய்ப்பால் கொடுக்கலாமா என்று அக்கா பயந்தார். மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்றார் கவுன்சிலர்.

பதினெட்டாம் மாதம் நானும் கூடப் போனேன். பையன் நடக்கத் தொடங்கியிருந்தான், வராண்டாவில் எல்லார் செருப்பையும் இடம் மாற்றிக்கொண்டிருந்தான். கவுன்சிலர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஐந்து நிமிடத்தில் அக்கா வெளியே வந்தார், கையில் ஒரு காகிதம். தொற்று இல்லை.

ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தார். பாந்திரா தாண்டியதும், “ஊருக்குப் போன் போட்டு அம்மாட்ட சொல்லணும் போல இருக்கு தம்பி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சொன்னா, எதுக்குப் பிள்ளைக்கு அந்தப் பரிசோதனன்னு கேப்பாளே” என்றார். காகிதத்தை நாலாக மடித்து, ஆதார் கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள், கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மாஹிம் வந்தது, இறங்கினோம்.